லூர்து மேரிக்குப் போட்ட சாம்பல் ஊசி

திண்டிவனம் நீதித்துறை நடுவர் முன்பு சாட்சி ஜெசிந்தா கொடுத்த வாக்குமூலம்

பெயர் ஜெசிந்தா. வயது 44. தகப்பனார் பெயர் மரியஅந்தோணி, காலஞ்சென்றவர். கணவரும் காலஞ்சென்றவர். தொழில், ஜவுளிக்கடையில் விற்பனை வேலை. விலாசம், மாதா கோயில் தெரு, பெருமுக்கல் சாலை, திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

நான் சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்றும், சொன்னால் அது என் தம்பிக்குத் தண்டனை கிடைக்கக் காரணமாகலாம் என்றும் நடுவர் அவர்கள் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். தெரிந்துதான் சொல்கிறேன். என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை.

நான் மேற்படி விலாசத்தில் என் தாயார் லூர்து மேரியுடன் குடியிருந்து வந்தேன். தற்போது தனியாக இருக்கிறேன். இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டுள்ள ஜூட் என் உடன்பிறந்த தம்பி. எங்கள் தகப்பனார் கரும்பு லாரி ஓட்டியவர். ஜூட் சின்ன வகுப்பில் படிக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு நான் பத்தாம் வகுப்போடு நின்று கடை வேலைக்குப் போனேன். ஜூட் மருந்தியலில் மேல்படிப்பு முடித்து ஒரு கல்லூரியில் ஆசிரியராக வேலை பார்த்தான். ஊரில் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தான் டாக்டர் இல்லை என்று அவன் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு ஜூட் கல்லூரி வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மனையில் தகரக் கொட்டகை போட்டு மருந்து ஆராய்ச்சி செய்யத் தொடங்கினான். விழுப்புரம் பக்கத்தில் உள்ள ஒரு கரும்பாலையில் சக்கை எரித்த சாம்பலை மூட்டைகளில் கொண்டுவந்து, காரத்தில் வேகவைத்து, அமிலம் ஊற்றி, கழுவி, உலையில் சுட்டு, வெள்ளை மாவாக எடுப்பான். அந்த மாவின் ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன என்றும், அந்த ஓட்டைகளில் மருந்தை ஏற்றி வாயை அடைத்து உடம்புக்குள் போட்டால் மருந்து ஒரே நேரத்தில் கொட்டாமல் நாள்கணக்கில் கசியும் என்றும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறான். ஆலைப் பக்கம் காயப்போட்ட துணியையெல்லாம் கறுப்பாக்கும் சாம்பலில் இவ்வளவு இருக்கிறதா என்று நானே அவனிடம் ஆசையாகக் கேட்டிருக்கிறேன்.

என் தாயாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். ஊசி போட்டுப் போட்டு வயிற்றுத் தோல் தடித்துப் போயிருந்தது. ஜூட் அந்த மாவில் இன்சுலினை ஏற்றி, வாரத்துக்கு ஒரே ஊசி போதும் என்று சொல்லி, என் தாயாருக்குத்தான் முதலில் போட்டான். அரசாங்க அனுமதி வாங்கினாயா என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் வரிசையாக வரும் என்றான். என் தாயார் சந்தோஷமாகத்தான் போட்டுக்கொண்டார். முதலில் போட்ட ஊசிகள் நன்றாக வேலை செய்தன. சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எம்புள்ள பண்ண மருந்து, எனக்குத்தான் மொதல்ல" என்று என் தாயார் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பழைய சாம்பல் தீர்ந்துபோய்ப் புதுச் சாம்பல் வந்தது. கரும்பு வரத்து குறைந்துபோனதால் ஆலையில் சக்கையோடு நிலக்கரியும் மரத்துண்டுகளும் சேர்த்து எரிக்கிறார்கள் என்று ஜூட் குறைபட்டுக்கொண்டான். அதே சமயத்தில் சென்னையிலிருந்து சித்தார்த்தன் என்பவர் இந்தத் தொழிலில் பங்கு சேர வருவதாக இருந்தது. புதுச் சாம்பலில் செய்த மருந்தை மனிதர் உடம்பில் போட்டு, சர்க்கரை எப்படி இறங்குகிறது என்ற கணக்கு வேண்டும் என்று அவர் கேட்டிருப்பதாக ஜூட் என் தாயாரிடம் சொன்னான்.

அவர் வருவதாக இருந்த நாளுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நான் கொட்டகைக்குத் தேநீர் கொண்டுபோனேன். அப்போது அங்கே வேலை செய்யும் பானுப்ரியா என்ற பெண், "சார், புது மாவுல மருந்து நிக்க மாட்டேங்குது. காலைல போட்டது மத்தியானத்துக்குள்ள மொத்தமும் தண்ணில எறங்கிடுச்சி" என்று ஜூட்டிடம் சொன்னாள். அதற்கு ஜூட், "பாட்டில்ல நடக்குறது ஒடம்புல நடக்காது. கழுவி வச்சிட்டுக் கெளம்பு" என்றான். அவர்கள் பேசியது எதைப் பற்றி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பானுப்ரியா வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நானும் என் தாயாரும் காலைத் திருப்பலிக்குப் போய்விட்டு வந்தோம். ஊசி போட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று ஜூட் சொல்லியிருந்ததால் என் தாயார் முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, சேலையை ஒதுக்கச் சொல்லி, தொப்புளுக்கு இடது பக்கம் ஜூட் ஊசி போட்டான். என் தாயார் சிலுவை போட்டுக்கொண்டார். அதன் பிறகு நான் அடுப்பில் ஆட்டுக்கறி வைத்தேன்.

கறி வேகும் முன்பே என் தாயாருக்கு வேர்க்க ஆரம்பித்தது. ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. ஜூட் எதிரில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அடிக்கடி அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, மீட்டரில் வந்த எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். விரல் நடுங்கிக் குத்த முடியாமல் போனதும் காது மடலில் குத்தினான். என் தாயார், "ஜூடு, ஒரு வாய் சோறு குடுறா" என்று கேட்டார். ஜூட், "கொஞ்ச நேரம் பொறும்மா. இப்ப சாப்ட்டா எல்லாம் கெட்டுப்பூடும்" என்றான். மூளை வேலை செய்கிறதா என்று பார்க்க, நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னான். என் தாயார் கொஞ்சம் எண்ணினார், பிறகு எண்ணிக்கை ஜெபமாலையாக மாறிவிட்டது. ஜூட் அவர் தோளைத் தட்டி, "ஜெபம் இல்லம்மா, நம்பர் சொல்லு" என்றான்.

அதன் பிறகு நான் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து என் தாயார் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். ஜூட் அவர் கைகளுக்கு நடுவிலிருந்து டம்ளரை உருவி, வாசலுக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தான். டம்ளர் உருவப்பட்டபோது கொஞ்சம் சிந்தி என் தாயாரின் விரல்கள் நனைந்திருந்தன. அவர் அந்த விரல்களை வாயில் வைத்து ஒவ்வொன்றாகச் சப்பினார். ஜூட் திரும்பி வந்து அதைப் பார்த்துத் துண்டை எடுத்து அவர் கையைத் துடைத்துவிட்டான்.

நான் சத்தம் போட்டேன். "கொல்லப் பாக்குறியாடா அவங்கள" என்று கேட்டேன். "சர்க்கர எறங்கும், தானா நின்னு ஏறும்க்கா. எங்க நிக்குதுன்னு தெரியணும். அதத்தான் அவங்க கேக்குறாங்க" என்றான். நான் சர்க்கரை டப்பாவை எடுக்கச் சமையலறைக்குள் போனதும், அவன் என் பின்னாலேயே வந்து கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டுவிட்டான்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்து மனையில் பாண்டுரங்கன் என்பவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அம்மாவுக்கு சர்க்கர எறங்கிடுச்சி, அவன் குடுக்க மாட்டேங்குறான், கதவத் தொறங்கண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் வாசல் பக்கம் போய் ஜூட்டிடம் ஏதோ பேசிவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வந்தார். "டாக்டர் தம்பியே பக்கத்துல குந்திக்கினு பாக்குது. நீ இன்னாத்துக்கும்மா பேஜார் பண்ற" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய்ப் பலகையால் மல்லாட்டையைக் கிளறிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து காதால்தான் கேட்டேன். ஜூட் எண்களைச் சொல்லிச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் முன்னதைவிடக் குறைவாக இருந்தது. என் தாயார் என் தகப்பனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு என் பெயரைச் சொன்னார். பிறகு அவர் சொன்னது வார்த்தையாக இல்லை. நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அடுப்பில் கறி தீய்ந்தது. அதன் பிறகு நாற்காலி கவிழும் சத்தமும், தரையில் குதிகால் அடிபடும் சத்தமும் கேட்டன.

அதன் பிறகுதான் ஜூட் கதவைத் திறந்தான். "அக்கா, சர்க்கர எடுத்தா, ஜல்தி" என்றான். என் தாயார் தரையில் வலிப்பு வந்து கிடந்தார். பல் கிட்டிப்போயிருந்தது. நான் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் இறங்கியது. ஜூட் ஓடிப்போய்ப் பாண்டுரங்கனைக் கூப்பிட்டுவந்தான். அவருடைய சரக்கு ஆட்டோவில் மல்லாட்டை மூட்டையின் மேலேயே என் தாயாரைப் படுக்கவைத்து, திண்டிவனத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டர் சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றினார். நான் அவரிடம், என் தம்பி வாரத்துக்கான மருந்தை ஒரே ஊசியாகப் போட்டிருக்கிறான், அது வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னேன். உடனே ஜூட், "சார், நான் பார்மசி. அம்மாவுக்குக் கண்ணு செரியா தெரியாது. போட்டத மறந்துட்டு திரும்பவும் இன்சுலின் போட்டுக்கினாங்க. அக்கா பயத்துல பேசுறாங்க" என்றான். டாக்டர் என் தாயாரின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பழைய தடிப்புகளுக்கு நடுவில் ஒன்று புதிதாக மேலெழும்பியிருந்தது. தினம் ஊசி போடுகிறவர்களுக்கு இப்படித் தடிக்கும் என்று ஜூட் சொன்னான். அது உண்மைதான் என்று டாக்டரும் சொன்னார். நோயாளி கண் விழித்ததும் அவரையே கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை என் தாயார் கண் விழித்தார். என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. டாக்டர் வந்து, "இன்சுலின் யாரும்மா போட்டாங்க?" என்று கேட்டார். ஜூட் என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மா, நீயேதான ரெண்டு வாட்டி போட்டுக்கின?" என்று கேட்டான். என் தாயார் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "ஆமாங்க டாக்டர். கண்ணு தெரியல. நானேதான் குத்திக்கினேன்" என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஜூட் போனில் பேச வெளியே போனான். நான் என் தாயாரிடம், "ஏம்மா பொய் சொன்ன? அந்தக் கட்டி உள்ளயே இருக்குதும்மா. சொன்னா கீறி எடுத்துடுவாங்க" என்றேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டார். "நாளைக்கு அந்த சாரு வர்றாரு. இதுலதான் அவன் வாழ்க்க கெடக்குது. நீ வாய வச்சிக்கினு சும்மா இரு" என்றார். தலையணைக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார். நான் தொடவில்லை.

நான் நேரே செவிலியரிடம் போய், கட்டியைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் கட்டில் அருகே வந்து என் தாயாரிடம் விசாரித்தார். என் தாயார் கண்ணைத் திறக்காமல், "அவளுக்கு மனசு செரியில்ல சிஸ்டர். புருஷன் போனதுலேர்ந்து இப்டித்தான் பேசுறா" என்றார். செவிலியர் என் தோளில் கை வைத்து, வெளியே போய் உட்காரும்படி சொன்னார். என் கணவர் இறந்ததிலிருந்து என் தாயாரைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

அன்று மத்தியானம் சர்க்கரை அளவு சரியாக இருந்ததால் நரம்பில் ஏற்றியதை எடுத்துவிட்டார்கள். என் தாயார் கேப்பைக் கஞ்சி குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். சாயங்காலம் எழுப்பியபோது எழவில்லை. உடம்பு மறுபடியும் வேர்த்து நனைந்திருந்தது. டாக்டர் ஓடிவந்து மறுபடி ஏற்றினார். பிறகு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது என் தாயாரின் மூச்சு நின்றுவிட்டது. நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜூட் முன் இருக்கையில் இருந்தான்.

அதன் பிறகு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலை சித்தார்த்தன் மாலையோடு வந்தார். துக்கம் கேட்டுவிட்டு, ஊசியில் ஏதாவது பிரச்சினையா என்று ஜூட்டிடம் மெதுவாகக் கேட்டார். நான் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜூட், "இது பேட்ச் பிரச்சினை சார், மெட்டீரியல் பிரச்சினை இல்ல. முழுசா ரீடிங் இருக்குது, அனுப்புறேன்" என்றான். சித்தார்த்தன் பெட்டியையும் அவனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். ஜூட் கார் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதன் பிறகு உள்ளே வந்து, என் தாயாரின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். அவன் அழுதான். அழவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். நான் காவலர்களோடு திரும்பி வந்தபோது சவப்பெட்டி கோயிலுக்குள் இருந்தது. பூசை முடிந்து கல்லறைக்குத் தூக்கும் நேரம். ஆய்வாளர் உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும் என்று சொன்னதும், என் தாய்மாமன் தைரியநாதன் எல்லோர் முன்னாலும் என்னைக் கன்னத்தில் அறைந்தார். "செத்தவ சொன்ன வார்த்தைய பொய்யாக்கப் போறியா?" என்று கேட்டார். பெட்டியைக் கோயிலிலிருந்து வெளியே கொண்டுவர உறவுக்காரர்கள் யாரும் கை கொடுக்கவில்லை. ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் காவலர்களும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த பாண்டுரங்கனும் பிடித்தார்கள். பாண்டுரங்கன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரேதப் பரிசோதனையில் என் தாயாரின் வயிற்றுத் தோலுக்கு அடியில், இடது பக்கம், வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு கட்டி இருந்ததாகவும், அதில் இன்னும் மருந்து மிச்சம் இருந்ததாகவும் ஆய்வாளர் என்னிடம் தெரிவித்தார். அது புளியங்கொட்டை அளவுதான் இருந்தது என்றும் சொன்னார்.

ஜூட்டைக் கைது செய்து காவல் நிலையத்தில் வைத்திருந்தபோது நான் அவனுக்கு மாற்றுத் துணி கொண்டுபோனேன். அவன் துணியை வாங்கிக்கொண்டு, "அம்மாவே டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்க. அதுக்கு மேல சொல்ல நீ யாருக்கா?" என்று கேட்டான். நான் அவனுடைய அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எங்கள் தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை. கோயிலில் நான் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்காருவதில்லை.

இறந்துபோன என் தாயார் டாக்டரிடம் கூறியது மருத்துவமனைப் பதிவில் இருப்பதாகவும், நான் இப்போது சொல்வது அதற்கு நேர்மாறாக இருப்பதாகவும் நடுவர் அவர்கள் சுட்டிக்காட்டி, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். என் தாயார் அப்படிச் சொன்னது உண்மை. "ஆமாங்க டாக்டர்" என்று அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன விஷயம் பொய். என்னைப் பற்றிச் செவிலியரிடம் சொன்னதும் பொய். என் தாயார் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு மனநோய் எதுவும் இல்லை. அவர் சோறு கேட்டார், கொடுக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் கையில் வாங்கினார், பிடுங்கிக் கொட்டப்பட்டது. இதைப் பார்த்தவர்கள் மூன்று பேர்தான். அதில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவன் சொல்ல மாட்டான்.

இதுவரை நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர, பிறர் எனக்குச் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே சொல்லியிருக்கிறேன். கூட்டியோ மறைத்தோ எதுவும் சொல்லவில்லை. அத்தனையும் சத்தியம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ம. ஜெசிந்தா